பிடித்த படம்தான், அந்த ஒரு காட்சி மட்டும் வேண்டாம்

கேள்வி இது: "எத்தனையோ முறை பார்த்த படம், மனதுக்கு ரொம்ப நெருக்கமான படம். ஆனால் அதில் ஒரு காட்சி வரும்போது மட்டும் ரிமோட்டைத் தேடுகிறேன், இல்லையென்றால் எழுந்து போய்விடுகிறேன். பேய்ப் படம் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை நான். வெட்டுக் குத்து எல்லாம் சாதாரணமாகப் பார்ப்பேன். அப்புறம் இது மட்டும் ஏன்? மற்றவர்களுக்கும் இப்படி உண்டா?"

உண்டு. எனக்கும் உண்டு.

ஒரு சிறிய திரைப்படச் சங்கத்துக்காகப் பல வருடங்களாகப் படம் திரையிட்டு வருகிறேன். புரொஜெக்டர் பக்கத்தில் நிற்பவனுக்குத் திரையைவிட அதிகம் தெரிவது பார்வையாளர்களின் பின்னந்தலைகள். படத்தை முதல்முறை பார்ப்பவர் யார், ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்தவர் யார் என்று அந்தத் தலைகளை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். முதல்முறை பார்ப்பவரின் தலை அந்தக் காட்சி நடக்கும்போது குனியும். மறுமுறை வந்தவரின் தலை காட்சி தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பே குனிந்துவிடும். சிலர் செல்போனை எடுப்பார்கள். சிலருக்குச் சொல்லிவைத்தாற்போல அந்த நேரத்தில்தான் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். யாரும் படம் பிடிக்காமல் போவதில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, கடைசியில் பெயர்கள் ஓடி முடியும் வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

எந்த இடத்தில் அதிகத் தலைகள் குனியும்? கத்தியும் ரத்தமும் வரும் இடங்களில் என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். என் கணக்கில் முதலிடம் 'மூன்றாம் பிறை'யின் கடைசிச் சில நிமிடங்களுக்கு.

1982-இல் பாலு மகேந்திரா எடுத்த படம். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிப்போன ஒரு பெண்ணை (ஸ்ரீதேவி), சீனு என்ற பள்ளி ஆசிரியர் (கமல்ஹாசன்) தன் வீட்டில் வைத்துக் குழந்தையைப் போலவே பார்த்துக்கொள்கிறார். சிகிச்சையில் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. ஆனால் இடையில் அவரோடு இருந்த நாட்கள் மொத்தமும் அழிந்துவிடுகின்றன. பெற்றோருடன் ரயிலில் புறப்படும் அவளைத் தேடி, அடிபட்ட உடம்போடு மழையில் ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறார் சீனு. தன்னை அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காக, வீட்டில் அவளைச் சிரிக்கவைக்கச் செய்த குரங்குச் சேட்டைகளையெல்லாம் பிளாட்பாரத்தில் செய்து காட்டுகிறார். யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்து அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தை வீசுகிறாள். ரயில் கிளம்பிவிடுகிறது.

இதில் யாரும் சாகவில்லை. வில்லனும் கிடையாது. அவள் செய்ததுகூட இரக்கத்தால் செய்ததுதான். ஒரு கெட்டவன் இருந்திருந்தால் நமக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "பாவி" என்று மனதுக்குள் திட்டி அந்தக் கோபத்தில் காட்சியைக் கடந்துவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை. அந்த ரயில் பெட்டிக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது, அதைச் சொல்ல நமக்கு வாய் இல்லை. அத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரு மனிதன் ஊர் பார்க்கக் கோமாளியாகிறான், அது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவனுக்காக நாம் கூசுகிறோம்.

இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை எட்டாகப் பிரிக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பட்டியல்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்கு காரணங்களையும் அந்த நூல் சொல்கிறது. அழுகைக்கான நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒருவரை இழப்பது அழுகைக்குக் காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே அதற்கும் முன்னால், முதல் ஆளாக, இளிவு நிற்கிறது. அதாவது பிறர் கண்ணில் தாழ்ந்துபோவது, இகழப்படுவது. செய்யுள் ஓசைக்காக அப்படி அமைந்ததோ என்னவோ, ஒரு படத்தைத் திரும்பத் திரும்பத் திரையிட்டவன் என்ற முறையில் அந்த வரிசையோடு எனக்கு முழு உடன்பாடு. சாவுக் காட்சியில் ஜனங்கள் அழுவார்கள், ஆனால் பார்ப்பார்கள். அவமானக் காட்சியில்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பரியனே படம் முழுக்க அடி வாங்குகிறான், அவன் மேல் சிறுநீர் கழிக்கிறார்கள். ஆனாலும் பலர் "அதைத் திரும்பப் பார்க்க முடியாது" என்று சொல்வது அவனுடைய அப்பா வரும் காட்சியைத்தான். கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடும் எளிய மனிதர். மகனுக்காகக் கல்லூரிக்கு வந்த இடத்தில் அவர் வேட்டியை உருவி விரட்டுகிறார்கள். வெட்டவெளியில் உடம்பில் துணியில்லாமல் அவர் ஓடுகிறார். அந்த ஓட்டத்தைவிட அதிகமான வன்முறையை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கெல்லாம் அடிபட்டது உடம்பு.

அவமானத்தைப் பார்ப்பதும் வலிக்கும் என்பது வெறும் உவமை இல்லை. 2011-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், சோரன் கிராக்கும் ஃபிரீடர் பவுலஸும் அவர்களுடைய குழுவும், பிறர் சங்கடத்துக்கு உள்ளாவதைப் பார்ப்பவர்களின் மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பிறர் உடல் வலியைப் பார்க்கும்போது வேலை செய்யும் அதே பகுதிகள்தான் (முன்புற இன்சுலாவும் சிங்குலேட் மடிப்பும்) இங்கேயும் வேலை செய்தன. அதைவிடச் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. சங்கடத்தில் மாட்டியவருக்கே அது தெரியாதபோதும் பார்ப்பவருக்கு இந்தக் கூச்சம் வருகிறது. ஜெர்மன் மொழியில் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ஃப்ரெம்ட்ஷாம். அடுத்தவருக்காகப் படும் வெட்கம். நகைச்சுவைப் படங்களில் ஒருவன் மேடையேறிச் சொதப்பப் போகிறான் என்று தெரிந்ததும் தலையணையால் முகத்தை மூடிக்கொள்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேய்ப் படத்துக்குக்கூட அப்படிச் செய்யாதவர்கள் அவர்கள். நீங்களும் அந்த ஜாதியாக இருக்கலாம்.

சரி, ரத்தத்துக்கு வருவோம். அது தனிக் கதை. அதில் மனதைவிட உடம்பின் பங்கு அதிகம்.

2010-இல் வந்த '127 ஹவர்ஸ்' படத்தில், பள்ளத்தாக்கில் பாறைக்கு அடியில் கை சிக்கிக்கொண்ட ஒரு மலையேறி, ஐந்து நாட்களுக்குப் பிறகு தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு தப்பிக்கிறார். 2003-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆரன் ரால்ஸ்டன் என்பவருக்கு உண்மையில் நடந்தது. திரைப்பட விழாக்களில் இந்தக் காட்சியின்போது சிலர் மயங்கியே விழுந்தார்கள். படத்துக்கு இசை ஏ.ஆர்.ரகுமான். கத்தி நரம்பைத் தொடும்போது மின்சாரம் பாய்வதுபோல ஒரு ஓசை வரும் பாருங்கள், அந்த இடத்தில்தான் பலருக்கும் போச்சு. நரம்பில் ஏற்படும் வலியைக் கேமராவால் படம்பிடிக்க முடியாது. ஒலியால் முடியும்.

மயங்கி விழுவது கோழைத்தனத்தால் வருவதில்லை. சாதாரணப் பயத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், ஏறியபடியே இருக்கும். ரத்தம், காயம், ஊசி இவற்றைப் பார்க்கும்போது மட்டும் சிலருக்கு அவை முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடுகின்றன. மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, ஆள் சரிகிறார். இந்த இயல்பு குடும்பத்தில் தொடர்ந்தும் வரும். இதற்கு லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் உருவாக்கிய எளிய வழி ஒன்று இருக்கிறது. கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாவதுபோல் தோன்றும் வரை பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். கொஞ்சம் விட்டு மறுபடியும் இறுக்க வேண்டும். ரத்த அழுத்தம் விழாமல் தாங்கிக்கொள்ளும். சினிமாவைவிட ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இது அதிகம் பயன்படும்.

ஆனால் ரத்தக் காட்சிகளிலும், காட்டியதைவிடக் காட்டாததுதான் அதிக வேலை செய்கிறது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் கொலை ஏறக்குறைய முக்கால் நிமிடம்தான் ஓடும். எடுக்க ஒரு வாரம் ஆனது. கத்தி உடம்பில் ஆழமாக இறங்குவதை நீங்கள் பார்ப்பதே இல்லை, ஆனால் பார்த்ததாகச் சத்தியம் செய்வீர்கள். ஓடுகிற ரத்தம் சாக்லேட் சிரப். குத்தும் ஓசைக்கு முலாம்பழத்தைக் குத்தியிருக்கிறார்கள். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பதுதான் ஹிட்ச்காக்கின் முதல் முடிவு. பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை அலறவிட்டு எழுதிக் காட்டிய பிறகுதான் மனம் மாறினார். நடித்த ஜேனட் லீயே, படத்தைப் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதைத் தவிர்த்ததாகச் சொல்லியிருக்கிறார். சிரப் எது, பழம் எது என்று தெரிந்த ஆளுக்கே அந்த நிலைமை.

டாரண்டினோவின் 'ரிசர்வாயர் டாக்ஸ்' (1992) காது அறுக்கும் காட்சியிலும் அப்படித்தான். சரியான நொடியில் கேமரா நகர்ந்து சுவரைப் பார்க்கப் போய்விடும். ரசிகருக்குச் சுவர் மட்டும்தான் தெரியும், காதில் அலறல் விழும். இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை: தப்பிக்க வேண்டுமென்றால் கண்ணை மூடாதீர்கள், காதை மூடுங்கள். கண்ணை மூடினால் ஒலி மட்டும் மிஞ்சும். மிச்சத்தை வரைந்துகொள்ளும் வேலையை உங்கள் மனம் எடுத்துக்கொள்ளும். அது எந்த ஒப்பனைக் கலைஞரையும்விடக் கைதேர்ந்தது. வீட்டில் பார்ப்பதாக இருந்தால் இன்னும் எளிது, ஒலியை மட்டும் அடைத்துவிட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுக் காட்சிகள் பல் பிடுங்கிய பாம்பாகிவிடும்.

'எக்சார்சிஸ்ட்' (1973) படத்தில் தலை திரும்புவதையும் பச்சை வாந்தியையும் பற்றிச் சிரித்துப் பேசுபவர்கள்கூட, மருத்துவமனையில் பேய் பிடித்த அந்தச் சிறுமியின் கழுத்தில் ஊசி ஏற்றிப் பரிசோதிக்கும் காட்சியில் நெளிவதைப் பார்த்திருக்கிறேன். பேய் நம்மைப் பிடிக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஊசி ஒருநாள் நிச்சயம் உண்டு.

இப்போது உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி. பிடித்த படம், பலமுறை பார்த்த படம், பழகிப்போயிருக்க வேண்டாமா? ஏன் ஒவ்வொரு முறையும் இன்னும் மோசமாகிறது?

ஹிட்ச்காக் ஒரு பேட்டியில் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் ஒரு உதாரணம் சொல்வார். இருவர் மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். மேஜைக்கடியில் குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டால், அதே சாதாரணப் பேச்சு பதினைந்து நிமிடப் பதைபதைப்பாக மாறிவிடும். மறுமுறை பார்ப்பது என்பது மேஜைக்கடியில் குண்டு இருப்பதைத் தெரிந்துகொண்டு உட்காருவதுதான். முதல்முறை அதிர்ச்சியாகக் கடந்துபோன இடம், இரண்டாம் முறை வெகு தூரத்திலிருந்தே நம்மை நோக்கி நடந்து வர ஆரம்பித்துவிடும்.

'மகாநதி'யைப் பற்றி (1994, இயக்கம் சந்தான பாரதி) தமிழ்ப் பார்வையாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "அருமையான படம், ஆனால் இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்." அதைச் சொல்பவர்கள் குறிப்பிடுவது, காணாமல்போன மகளைக் கொல்கத்தாவின் விபச்சார விடுதியில் அப்பா கண்டுபிடிக்கும் இடத்தை. அதன் பிறகு அவள் தூக்கத்தில் உளறும் காட்சியை. மீட்டுக் கொண்டுவந்த பிறகும் அந்தப் பெண்ணின் தூக்கம் இன்னும் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அப்பா காதால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். திரையில் வன்முறை எதுவும் இல்லை. ஒரு சிறுமி தூங்குகிறாள், ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவே. தன் வீட்டில் வேலை செய்தவர்களே தன் மகளைக் கடத்தத் திட்டம் போட்டது தெரியவந்ததுதான் இந்தக் கதைக்கு விதை என்று கமல்ஹாசன் பல வருடங்கள் கழித்துச் சொன்னார். நடிப்பில் இருந்த அந்தக் கலக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. மகாநதியை இரண்டாம் முறை பார்க்கத் துணிந்தவர்களில் பலர் கொல்கத்தா வரை போவதே இல்லை. முதல் அரைமணி நேரத்திலேயே அணைத்துவிடுகிறார்கள். ஆற்றங்கரை, பாட்டு, பொங்கல், சிரிக்கும் பிள்ளைகள் என்று எல்லாம் நன்றாக இருக்கும் பகுதி அது. நன்றாக இருப்பதுதான் தாங்கவில்லை. பார்க்க முடியாத காட்சி மறுமுறைகளில் இடம் மாறிவிடுகிறது என்பது நான் கவனித்த விஷயம். துயரத்திலிருந்து கிளம்பி, அதற்கு முந்தைய சந்தோஷத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'மூன்றாம் பிறை'யில் 'கண்ணே கலைமானே' பாட்டு வந்ததுமே எழுந்து போகும் ஒருவரை எனக்குத் தெரியும். அது தாலாட்டு மாதிரியான பாட்டு, அங்கே அழ ஒன்றுமே இல்லை.

இந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்டே ஒரு இயக்குநர் படம் எடுத்திருக்கிறார். ஜப்பானின் இசாவோ தகஹாதா 1988-இல் எடுத்த 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' அனிமேஷன் படம், கதாநாயகனான சிறுவன் 1945 செப்டம்பரில் ஒரு ரயில் நிலையத்தில் பட்டினியால் சாவதோடு தொடங்குகிறது. அவனே அந்தத் தேதியைச் சொல்லி, அன்றுதான் நான் செத்தேன் என்கிறான். அதற்குப் பிறகுதான் அவனும் தங்கையும் போரில் தாயை இழந்து தனியாக வாழ்ந்த கதை. ஆக முதல்முறை பார்ப்பவரும் மறுமுறை பார்ப்பவரைப் போலவே பார்க்க வேண்டியிருக்கிறது. மின்மினிகளைப் பிடித்து அவர்கள் சிரிக்கும்போது நமக்கு முடிவு தெரியும். மிட்டாய் டப்பாவைத் தங்கை குலுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டாலே போதும். மூலக்கதையை எழுதிய அகியுகி நோசாகா போர்க்காலத்தில் தன் தங்கையை அப்படித்தான் பட்டினிக்குப் பறிகொடுத்தார். இதில் இன்னொன்று: குழந்தைகள் குதூகலிக்கும் 'மை நெய்பர் டொட்டோரோ'வையும் இதையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்து வெளியிட்டார்கள். எந்தப் படம் முதலில் ஓடியதோ, அதைப் பொறுத்து வீட்டுக்குப் போன முகங்கள் மாறியிருக்கும்.

குழந்தைகள், விலங்குகள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது, அது போதும். 'பாம்பி' (1942) மானின் தாய் சாவதைத் திரையில் காட்டவே இல்லை. ஒரு வெடிச் சத்தம், பிறகு பனி, பிறகு அம்மாவைக் கூப்பிடும் குட்டி. அதைச் சிறு வயதில் பார்த்தவர்கள் முதுமையிலும் நினைவு வைத்திருந்தார்கள். பரியேறும் பெருமாளின் தொடக்கத்தில் தண்டவாளத்தில் கட்டப்பட்ட கருப்பி என்ற நாய்க்காக, படத்தின் முதல் பத்து நிமிடத்தைத் தாண்டாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு படத்தில் நாய் சாகுமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு இணையதளம் நடக்கிறது. முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். இப்போது எப்போதாவது பார்த்துக்கொள்கிறேன்.

'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புக் கோட்டோடு நடக்கும் சிறுமிக்கு, நடித்தபோது வயது மூன்று. பதினெட்டு வயதுக்கு முன் படத்தைப் பார்க்கக் கூடாது என்று ஸ்பீல்பெர்க் வாக்கு வாங்கியிருந்தார். அவர் பதினொரு வயதிலேயே பார்த்துவிட்டு மிரண்டுபோனதாகப் பின்னாளில் சொன்னார். நடித்தவருக்கே பார்க்கக் கூடாத காட்சி!

காட்சி அப்படியே இருக்கும், நாம்தான் மாறிப்போகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனையோ படங்களில் மருத்துவமனைக் காட்சிகளைச் சலிப்போடு பார்த்தவன் நான். அந்த 'பீப் பீப்' சத்தம், அது நேர்க்கோடாக நீள்வது, டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவது, எல்லாம் கேலிக்குரிய வழக்கங்கள். என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள் இருந்துவிட்டுப் போன பிறகு, படுமோசமான படத்தில்கூட அந்த ஓசை வந்தால் ஒலியைக் குறைத்துவிடுகிறேன். இயக்குநருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. பிள்ளை பெற்றவர்கள் பலர், அதற்கு முன் அலட்சியமாகப் பார்த்த கடத்தல் படங்களைத் தொடுவதே இல்லை. உங்களுடைய அந்த ஒரு காட்சி எப்போது பார்க்க முடியாததாக ஆனது என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாளே அப்படி இருந்ததா, இடையில் ஏதாவது நடந்ததா?

இன்னொரு வகை இருக்கிறது. வலியால் இல்லாமல் எரிச்சலால், வெட்கத்தால் பார்க்க முடியாமல் போவது. பழைய படங்களை ஆசையாகப் போட்டுவிட்டு, நடுவில் வரும் நகைச்சுவைப் பகுதியில் நெளிகிறோம். குண்டாக இருப்பவர், கறுப்பாக இருப்பவர், திக்கிப் பேசுபவர், பெண் சாயலுள்ள ஆண் என்று யாரையாவது மட்டம் தட்டியே சிரிக்கவைத்த காட்சிகள். "வேண்டாம்" என்று சொல்லும் பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்துவதைக் காதல் என்று நம்பவைத்த பாடல்கள். அன்று கைதட்டிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன், அதனால் இந்தக் கூச்சத்தில் எனக்கும் பங்கு உண்டு. இந்தக் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதில் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது.

இதைவிடக் கனமானது, நடிப்பில்லாமல் நிஜமாகவே நடந்துவிட்டது என்று பின்னால் தெரியவரும்போது. 'அபோகலிப்ஸ் நவ்' (1979) முடிவில் வெட்டப்படும் எருமை உண்மையாகவே வெட்டப்பட்டது. 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' (1972) படத்தின் வல்லுறவுக் காட்சியில் என்ன நடக்கப்போகிறது என்பதை முழுதாகச் சொல்லாமலேயே பத்தொன்பது வயது மரியா ஷ்னைடரை நடிக்கவைத்தார்கள். அந்தக் காட்சியில் தான் அவமானப்படுத்தப்பட்டதாக அவர் சொன்னார். நடிகையாக இல்லாமல் ஒரு பெண்ணாக அவர் எப்படி எதிர்வினை செய்வார் என்பதே தனக்கு வேண்டியிருந்தது என்று இயக்குநர் பெர்டோலூச்சி பிறகு ஒப்புக்கொண்டார். அந்தப் படத்தின் ஒளிப்பதிவை நான் பாடமாகவே பார்த்தவன். அது தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் பார்ப்பதில்லை, யாருக்கும் திரையிடுவதும் இல்லை.

"இப்படியெல்லாம் எதற்கு எடுக்க வேண்டும்?" என்பது அடுத்து வரும் கேள்வி. என் அளவுகோல் ரொம்ப எளிமையானது. கேமரா யாருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்ப்பேன். வெற்றிமாறனின் 'விசாரணை'யில் (2015) போலீஸ் அடிக்கும் காட்சிகள் பார்க்கவே முடியாதவைதான். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு.சந்திரகுமார், செய்யாத குற்றத்துக்காகத் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து வந்த கதை. அடி வாங்குபவனின் தோளுக்குப் பக்கத்திலேயே நாம் நிறுத்தப்படுகிறோம், அடுத்த அடி எப்போது என்று அவனோடு சேர்ந்து காத்திருக்கிறோம். அச்சத்துக்கான நான்கு காரணங்களாகத் தொல்காப்பியம் சொல்வது அணங்கு, விலங்கு, கள்வர், கடைசியாகத் 'தம் இறை', அதாவது நம்மை ஆள்பவர். பேய், மிருகம், திருடன் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படவகையே உண்டு. நான்காவதைத் தொட்டு எடுத்த படங்கள்தான் குறைவு. மாறாக எத்தனையோ படங்களில் வல்லுறவுக் காட்சி, கதாநாயகனுக்குப் பழிவாங்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக மட்டும் வரும். கேமராவோ செய்கிறவனின் கண்ணாக அந்தப் பெண்ணின் உடம்பில் அலையும். அங்கே பார்க்க முடியாமல் போனால் உங்களிடம் குறையில்லை. படம் எடுத்தவரிடம் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். தாராளமாகத் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஒரு படத்தை ரசிக்க அதன் ஒவ்வொரு நொடியையும் தாங்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாசகர்கள் நாவலில் பக்கங்களைத் தாண்டிப் போகிறார்கள், யாரும் கேட்பதில்லை. முதல்முறை பார்க்கும்போது மட்டும், முடிந்தால், விளக்கைப் போட்டுக்கொண்டாவது ஒலியைக் குறைத்துக்கொண்டாவது ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவது நல்லது என்பேன். பாதியில் விட்ட காட்சியை மனம் சும்மா விடாது, நடந்ததைவிடக் கொடூரமாக அதுவே எழுதி முடித்துக்கொள்ளும். நண்பர்களுக்குப் படத்தைச் சிபாரிசு செய்யும்போது "நடுவில் ஒரு காட்சி இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கதை கெட்டுவிடாது. உண்மையிலேயே உங்களுக்கு நடந்த ஒன்றை அந்தக் காட்சி திரும்பக் கொண்டுவருகிறது, அதன் பிறகு தூக்கம் வரவில்லை, நாள்கணக்கில் மனதில் ஓடுகிறது என்றால், அது சினிமா விஷயம் இல்லை. மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேச வேண்டிய விஷயம்.

சென்ற முறை 'மூன்றாம் பிறை' திரையிட்டபோது, சீனு ஸ்டேஷனை நோக்கி ஓட ஆரம்பித்ததும் வழக்கம்போல நான் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார், கையில் மூக்குக்கண்ணாடி. இருவரும் ஒன்றும் பேசவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் மழைச் சத்தமும் அந்தக் குரலும் மங்கலாகக் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகக் கேட்டார்.

"ரயில் போயிடுச்சா தம்பி?"

"இன்னும் இல்லைங்க" என்றேன்.